வண்டி சொன்ன சாட்சி

சலவைக்கடைக்காரர் வீட்டில் மழைக்காலம் என்பது மாமியார் வந்து தங்குகிற மாதிரி. எப்போது கிளம்பும் என்று வாய்விட்டுக் கேட்க முடியாது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டும் இருக்க முடியாது. கூடத்தில் கொடி, நடையில் கொடி, மாடிப்படிக் கைப்பிடியில்கூடத் தலையணை உறை. சாப்பிட உட்கார்ந்தால் எந்த நோயாளியோ படுத்தெழுந்த விரிப்பின் ஓரம் வந்து கன்னத்தைத் தடவிவிட்டுப் போகும். சோப்புத்தூள் வாசனையும் அடுப்பில் வெங்காயம் வதங்கும் வாசனையும் கலந்து, எது வீடு எது கடை என்று தெரியாமல் போய்விடும்.

அங்கே வேலை மூன்றாகப் பிரிந்திருந்தது. துவைக்கிற இயந்திரம் அம்மாவுக்கு. இஸ்திரிப்பெட்டி சின்னவளுக்கு. வண்டி அப்பாவுக்கு. ஒரு ஆஸ்பத்திரி, சில தங்கும் விடுதிகள், ஒரு கண் மருத்துவர் என்று நிலையான வாடிக்கை. விடிந்ததும் அப்பா வெளுத்த கட்டுகளை ஏற்றிக்கொண்டு போய் இறக்குவார், அழுக்குக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு வருவார். வந்ததும் இரண்டு ரொட்டியும் ஒரு அவித்த முட்டையும். மத்தியானம் ஒரு தூக்கம். வெயில் இருந்தாலும் மழை இருந்தாலும் அந்தத் தூக்கத்தில் மட்டும் யாரும் கைவைக்கக் கூடாது.

ஆயுசில் பாதியை லாரியில் கழித்த மனுஷன் அவர். மலைப்பாதையில் கண்ணாடிச் சரக்கோடு இறங்கினாலும் ஒரு சில்லு உடையாது என்று லாரிக்காரர்கள் மத்தியில் பேர். அதை அவர் வாயால் சொல்ல மாட்டார். அம்மாதான் சொல்வாள், அதுவும் இடக்காக.

“கண்ணாடியைப் பத்திரமா கொண்டு போயிடுவாரு. கட்டின பொண்டாட்டியை மட்டும் பஸ் ஸ்டாண்டுல மறந்து விட்டுட்டு வந்துடுவாரு.”

“ஒரு தடவைதானேடி மறந்தேன்.”

“எத்தனை தடவை மறக்கலாம்னு இருந்தீங்க?”

இப்போதைய வண்டி பெரியவன் வாங்கிக் கொடுத்தது. பெரியவன் என்றால் சின்னவளின் அண்ணன். தூரத்து நகரம் ஒன்றில் கை நிறையச் சம்பளத்தோடு இருப்பவன். பின்னால் கட்டுகள் போட நல்ல இடம், ஓட்ட வெண்ணெய் மாதிரி. ஒரே குறை, அதற்குச் சாவி கிடையாது. போனைப் பையில் வைத்துக்கொண்டு கிட்டே போனால் கதவு திறக்கும். உள்ளே உட்கார்ந்தால் வண்டி உயிர் பெறும். அது வந்த அன்று அப்பா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சாவி எங்கடா இருக்கு?”

“உங்க போன்லதான்ப்பா.”

“போன்ல எங்க?”

“கையில தொடுற மாதிரி எங்கேயும் இல்லப்பா. அது ஒரு அனுமதி, அவ்வளவுதான். வண்டி என் பேர்ல இருக்குல்ல, நான் உங்க போனுக்கும் சின்னவ போனுக்கும் அனுமதி குடுத்திருக்கேன். நான் குடுத்தா இருக்கும், எடுத்தா போயிடும்.”

“அப்ப சாவி உன்கிட்டதான் இருக்குன்னு சொல்லு,” என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான் சிரித்தார்.

சின்னவள் வாழப்போன இடத்தில் ஒத்துவராமல் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். யாரும் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. ஆனாலும் நாள் முழுக்க இஸ்திரிமேசை முன்னால் நின்று, ஊரார் படுத்துப் புரண்ட விரிப்புகளின் சுருக்கத்தை நீவிக்கொண்டே இருந்தால் மனசு என்னத்துக்கு ஆகும்? சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பாலம் வரை போய், ஓரமாக நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வருவாள். அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அதிலும் ஒரு கண்டம் வந்தது. விடுதிச் சுவரில் வண்டியின் விலாவைத் தேய்த்துவிட்டாள். பெரியவன் போனில் காய்ச்சி எடுத்தான்.

“இன்னொரு தடவை ஏதாவது சத்தம் வந்துச்சுன்னா உன் சாவியை எடுத்துடுவேன். அப்புறம் மூக்கைச் சிந்திக்கிட்டு வரக்கூடாது, சொல்லிட்டேன்.”

இது நடந்த கொஞ்ச நாளில்தான் அந்த மத்தியானம் வந்தது. மழை ஊற்று ஊற்றென்று ஊற்றியது. மின்சாரம் காலையிலேயே போய்விட்டிருந்ததால் சின்னவளுடைய போன் உயிரை விட்டுவிட்டது. அம்மா கடைத்தெருவுக்குப் போய் மழையில் மாட்டிக்கொண்டாள். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். மின்சாரம் திரும்பியதும் சின்னவள் பெட்டியைச் சூடேற்றி இரண்டு விரிப்புதான் தேய்த்திருப்பாள், ஆஸ்பத்திரியிலிருந்து கடைப் போனுக்கு அழைப்பு. விரிப்பு தீர்ந்துவிட்டது, உடனே ஒரு கட்டு வேண்டும்.

அப்பாவை எழுப்ப அவளுக்கு மனசில்லை. ஆணியில் தொங்கிய அவருடைய சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டாள், கட்டைப் பாலித்தீனில் சுற்றினாள், கிளம்பிவிட்டாள். ஆஸ்பத்திரிப் பின்வாசலில் ஈ காக்கை இல்லை. துணி போடுகிற ஜன்னல் வழியாகக் கட்டைத் தள்ளிவிட்டு, வண்டியைப் பின்னால் எடுத்தாள். கண்ணாடி முழுக்கத் தண்ணீர். டமால் என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் வாசல் தூணில் பின்பக்கம் நன்றாக உள்வாங்கியிருந்தது.

வீட்டுக்கு வந்தாள், போனைச் சட்டைப் பையில் போட்டாள், பெட்டியைக் கையில் எடுத்தாள். அப்பா இன்னும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவர் எழுந்ததும் சொல்லிவிடுவது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அது சத்தியமான உண்மை. அப்பா எழுந்தார், அம்மா நனைந்த கோழியாக வந்து சேர்ந்தாள், தேநீர் கொதித்தது. எப்படி ஆரம்பிக்கலாம் என்று இவள் வார்த்தையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே பெரியவனின் அழைப்பு வந்துவிட்டது.

“அப்பா, அடி ஒண்ணும் இல்லையே?”

“என்னடா அடி?”

“வண்டி எங்கேயோ இடிச்சிருக்குன்னு எனக்குத் தகவல் வந்திருக்குப்பா. ஆஸ்பத்திரிகிட்ட. நான் இவ்வளவு நேரம் மீட்டிங்ல மாட்டிக்கிட்டேன்.”

“நான் தூங்கிட்டுல்ல இருந்தேன்?”

“இல்லப்பா. மத்தியானம் உங்க போன்லதான் கதவு திறந்திருக்கு. உங்க போன்லதான் ஓடியிருக்கு. யார் போன்ல ஓடுதுன்னு வண்டி சொல்லிடும்ப்பா.”

அப்பா போனைக் காதோடு வைத்துக்கொண்டே வாசலுக்குப் போய்ப் பார்த்தார். பின்பக்கம் நசுங்கியிருந்தது. திரும்பி வந்து மேசைக்கடியில் பார்த்தார். ஆஸ்பத்திரிக்கென்று மடித்து வைத்திருந்த கட்டுகளில் ஒன்று குறைந்தது. சின்னவள் பெட்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள். தலையணை உறை ஒன்று தீய்ந்து வாசனை வந்தது.

“இருக்கும்ப்பா,” என்றார் அப்பா மெதுவாக. “தூக்கக் கலக்கத்துல போயிட்டு வந்திருப்பேன் போல.”

இந்த இடத்தில் அவள் வாயைத் திறந்திருக்க வேண்டும். பெரிய குற்றமா அது? திட்டு விழும், சாவி போகும், ஒரு மாசம் கழித்து அண்ணனே திருப்பிக் கொடுப்பான். ஆனால் மனசு வேறு கணக்குப் போட்டது. அப்பாவை யார் என்ன சொல்லிவிடப் போகிறார்கள்? எத்தனையோ வருஷம் ஓட்டின மனுஷன், ஒரு தடவை தட்டினால் என்ன? இப்படித்தான் அவள் நினைத்தாள். நெருப்பை மடியில் கட்டிக்கொண்டோம் என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் பெரியவன் அவளைப் போனில் தனியாகக் கூப்பிட்டான்.

“இடிச்சதுகூடப் பரவாயில்லடி. இடிச்சது ஞாபகமே இல்லைங்கிறாரு பாரு, அதுதான் எனக்குப் பயமா இருக்கு. நாளைக்கு ஒரு குழந்தை குறுக்க வந்தா?”

“அப்படியெல்லாம் ஆகாதுண்ணா.”

“ஆயிட்டா? அவர் சாவியை எடுத்துடலாம்னு இருக்கேன். நேரா சொன்னா உடைஞ்சு போயிடுவாரு. போன்ல ஏதோ கோளாறுன்னு நீ சொல்லிடு. இனிமே வண்டியை நீயே ஓட்டு.”

“நானா?”

“வேற யாரு? நான் இங்கேருந்து எடுத்தாலும் அவர் போன்ல ஒரு தடவை சம்மதம் கேட்கும். அதை மட்டும் அழுத்திடு.”

அவள் அழுத்தினாள். அப்பா குளித்துக்கொண்டிருந்தார். ஆணியில் தொங்கிய அதே சட்டை, அதே பை, அதே போன். “இந்தச் சாவி நீக்கப்படும், சம்மதமா?” என்று போன் மரியாதையாகக் கேட்டது. கட்டைவிரலை வைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே அழுத்தியதால் பாவம் குறைந்துவிடுமா என்ன?

அடுத்த நாள் விடிந்தபோது தூறல். அப்பா இரண்டு கட்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டிக்குப் போனார். வழக்கமாக அவர் நெருங்கும்போதே விளக்கு இரண்டும் ஒரு சிமிட்டுச் சிமிட்டும். அன்று சிமிட்டவில்லை. கைப்பிடியை இழுத்தார். கட்டுகளை வாசற்படியில் வைத்துவிட்டு, போனை எடுத்து வேட்டியில் துடைத்து, கதவருகே காட்டினார். இந்தப் பக்கம் காட்டினார், அந்தப் பக்கம் போய்க் காட்டினார். ஜன்னல் வழியாகச் சின்னவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அவருடைய முதுகு முழுக்க நனைந்துவிட்டது.

“ஏம்மா, இது என்னைத் தெரியலைங்குதே,” என்று உள்ளே வந்தார்.

“போன்ல ஏதோ கோளாறாம்ப்பா. அண்ணன் சரி பண்றேன்னு சொல்லியிருக்கு. இன்னைக்கு நான் போயிட்டு வந்துடறேன்.”

“நீயா? மழையா இருக்கே.”

“பரவாயில்லப்பா.”

“ஆஸ்பத்திரிப் பின்வாசல்ல ஒரு தூண் இருக்கு. பார்த்து எடு. நான்தான் இடிச்சுட்டேன்.”

அவள் வண்டியில் ஏறினாள். அவளுக்கு அது உடனே திறந்தது.

அடுத்தடுத்த நாட்களிலும் அவர் விடவில்லை. காலையில் எழுந்ததும் யாருக்கும் தெரியாமல் போய் ஒரு தடவை கதவருகே நின்று பார்ப்பார். திறக்காது. “சரி பண்ணிட்டானா?” என்று கேட்பார். “பண்ணிக்கிட்டு இருக்காம்ப்பா” என்பாள். பிறகு கேட்பதையும் விட்டுவிட்டார். கேட்காமல் விட்டபோதுதான் சின்னவளுக்குச் சோறு இறங்காமல் போயிற்று.

வேலையில்லாமல் உட்கார்ந்து பழக்கமில்லாத உடம்பு. துணி மடிக்கிறேன் என்று மேசைக்கு வந்தார். ஓரத்தோடு ஓரம் சேர்த்து அழகாகத்தான் மடிப்பார். மடித்ததை அம்மாவிடம் நீட்டி, “சரியா இருக்கா பாரு” என்பார். ஆரம்பத்தில் அம்மா கேலி செய்தாள். போகப்போக அவளுக்கும் கேலி வரவில்லை.

“இவருக்கு என்னமோ ஆயிடுச்சுடி,” என்றாள் ஒருநாள், இயந்திரத்திலிருந்து துணியை உருவி எடுத்துக்கொண்டே. “முன்னெல்லாம் அடுப்பை அணைச்சியா, கதவைப் பூட்டினியான்னு என்னைப் போட்டுப் பிடுங்குவாரு. இப்ப, நான் அணைச்சேனா, நான் பூட்டினேனான்னு கேட்குறாரு. நேத்து தெருவைத் தாண்டி பால் வாங்கப் போனவரு பாதியில திரும்பி வந்துட்டாரு. என்னங்கன்னா, கூட யாராவது வந்தா நல்லா இருக்கும்ங்கிறாரு. லாரி ஓட்டின மனுஷன், தெருவைத் தாண்ட ஆள் கேட்குறாரு.”

“அவருக்கு ஒண்ணும் இல்லம்மா.”

“உனக்கென்ன தெரியும்? இந்தா, அந்த முனையைப் பிடி.”

இரண்டு பேரும் விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து முறுக்கினார்கள். தண்ணீர் சொட்டச் சொட்ட, சொல்லிவிடலாமா என்று சின்னவளுக்குத் தொண்டை வரை வந்தது. அம்மா முகத்தைப் பார்த்தாள். வந்த வார்த்தை திரும்பி உள்ளே போய்விட்டது.

இதைவிடப் பெரிய கொடுமை ஒன்று நடந்துகொண்டிருந்தது. அந்த மத்தியானத்தை அப்பா கொஞ்சம் கொஞ்சமாக ஞாபகப்படுத்திக்கொள்ளத் தொடங்கியிருந்தார். முதலில் “இருக்கும்” என்றுதானே சொன்னார்? அப்புறம் ஒருநாள் சாப்பிடும்போது, “மழைதான். பின்கண்ணாடி தெரிஞ்சிருக்காது” என்றார். இன்னொரு நாள், “திரும்பும்போது தூண் கிட்ட வந்த மாதிரி ஒரு ஞாபகம்” என்றார். வரவர அதில் சத்தம் வந்தது, கால் வந்தது, பிரேக்கில் வைக்க வேண்டிய காலை வேறெங்கோ வைத்தது வந்தது. நடக்காத ஒன்றை, நடத்திய அவளிடமே, சோற்றைப் பிசைந்துகொண்டு சொன்னார்.

“அன்னைக்கு உன்னை பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டு வந்தேனே,” என்றார் அம்மாவிடம், “அப்பவே இது ஆரம்பிச்சிருக்கு. நாமதான் சிரிச்சுட்டு விட்டுட்டோம்.”

அம்மா சிரிக்கவில்லை. “பேசாம சாப்பிடுங்க” என்று மட்டும் சொன்னாள்.

பெரியவன் மறுபடி கூப்பிட்டான். நல்ல டாக்டர் ஒருவரிடம் சொல்லி வைத்திருக்கிறானாம். ஞாபகமறதிக்கென்றே பார்ப்பவராம். இந்த வாரக் கடைசியில் அவனே வந்து அப்பாவை அழைத்துப்போகப் போகிறான். பிறகு அப்பா அவனோடேயே இருக்கட்டும்.

“கடை?”

“கடை என்னடி பெரிய கடை. அம்மாவும் எத்தனை நாளைக்கு அந்த ஈரத்துல நிப்பாங்க? படிப்படியா மூடிடலாம். உனக்கும் இங்கேயே ஏதாவது பார்க்கலாம். அப்பாகிட்ட பேசிட்டேன். வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லல. ‘உன் இஷ்டம்ப்பா’ன்னுட்டாரு.”

உன் இஷ்டம் என்று சொல்லக்கூடிய ஆளா அப்பா? உப்பு குறைந்தால் பாத்திரத்தைத் தள்ளி வைக்கிற மனுஷன் அவர்.

“அண்ணா, அப்பா இடிக்கல.”

“என்ன?”

“நான் இடிச்சேன். என் போன்ல சார்ஜ் இல்ல. அப்பா போனை எடுத்துட்டுப் போனேன். அவரு தூங்கிட்டுத்தான் இருந்தாரு. அவரு சொன்னது நிஜம்.”

“அன்னைக்கு நான் போன் பண்ணும்போது நீ அங்கதானே இருந்தே?”

“ஆமா.”

“சம்மதம் அழுத்தச் சொன்னேனே, அப்ப?”

“ஆமாண்ணா.”

“எப்படிடி அழுத்தின? கை வந்துச்சா உனக்கு?” அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. “நான் ஒரு முட்டாள். யார் போன்னு பார்த்தேனே ஒழிய, யார் கைன்னு கேட்கல. என் அப்பனைவிட வண்டியை நம்பிட்டேன். சரி, சாவியை இப்பவே திருப்பிக் குடுத்துடறேன். நீ போய் அவர்கிட்ட உன் வாயால சொல்லு. நான் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும்.”

அப்பா பின்கட்டில், தகரக் கூரைக்கடியில் உட்கார்ந்து தலையணை உறை மடித்துக்கொண்டிருந்தார். மழை விட்டு, கூரையிலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. சின்னவள் எதிரே ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். சுற்றி வளைத்தால் தைரியம் போய்விடும் என்று நேராகவே ஆரம்பித்தாள்.

“அப்பா, வண்டியை இடிச்சது நீங்க இல்ல. நான்.”

அவர் மடிப்பதை நிறுத்தவில்லை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். செத்துப்போன போன், சட்டைப் பை, பாலித்தீன் சுற்றிய கட்டு, தூண். அவர் குளித்துக்கொண்டிருந்தபோது சம்மதம் அழுத்தியது. போன் கோளாறு என்று சொன்னது முழுப்பொய் என்பது. சொல்லி முடிக்கும்போது மூக்கும் கண்ணும் ஒன்றாக ஒழுகின. அப்பா கையிலிருந்த உறையை மடித்து முடித்து, அடுக்கின் மேல் வைத்து, நீவிவிட்டார். பிறகுதான் அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபத்தைத் தேடினாள். அது இருந்திருந்தால் அவள் காலில் விழுந்திருப்பாள். அவர் புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

“சின்ன வயசுலேர்ந்தே உனக்குப் பொய் சொல்ல வராது,” என்றார்.

“பொய் இல்லப்பா.”

“நீ அன்னைக்கு முழுக்க இஸ்திரி போட்டுட்டுத்தான் இருந்தே. மேசையில பெட்டி வைக்கிற சத்தம் கேட்டுக்கிட்டேதான் நான் எழுந்து போனேன். வாசல்ல செருப்பு நனைஞ்சு கிடந்துச்சு. கட்டை நானேதான் தூக்கிப் போட்டேன். அந்த ஜன்னல் பாதிதான் திறக்கும், இடிச்சுத் தள்ளணும். தள்ளிட்டு வந்து பின்னால எடுத்தேன். கால் மாறிப்போச்சு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.”

“உங்களுக்கு எப்படிப்பா ஞாபகம் இருக்கும்? நடக்கவே இல்லையே அது.”

“ஆரம்பத்துல இல்லதான். யோசிக்க யோசிக்க வந்துடுச்சு.”

“அப்பா, என் மேல சத்தியமா...”

“சத்தியமெல்லாம் பண்ணாதே,” என்றார் சட்டென்று. “வண்டியே சொல்லுதேம்மா, நான்தான்னு. அதுக்கு என்ன, என் மேல பகையா?”

அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. பெரியவனைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி போனைக் கூடைமேல் வைத்தாள். “நீயே சொல்லுண்ணா.”

“ஆமாப்பா,” என்றான் பெரியவன். அவன் குரல் கம்மியிருந்தது. “அவதான் இடிச்சது. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. டாக்டர் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். உங்க சாவியைத் திரும்பக் குடுத்துட்டேன். என்னை மன்னிச்சுடுங்கப்பா.”

“அட, இதுக்கெல்லாம் என்னப்பா மன்னிப்பு,” என்றார் அப்பா. “சாப்பிட்டியா?”

“அப்பா, நான் சொல்றது...”

“கேட்டுச்சுப்பா, கேட்டுச்சு. நேரத்துக்குச் சாப்பிடு. வேலை வேலைன்னு அலையாதே. வச்சிடறேன்.”

போனை அணைத்துவிட்டு அவர் கொஞ்ச நேரம் ஈரமான தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. முகம் மட்டும் தெளிந்திருந்தது. இத்தனை நாளில் அவ்வளவு சந்தோஷமாக அவரை அவள் பார்க்கவில்லை.

“அவன்கிட்டயும் சொல்லி வச்சிருக்கே,” என்றார். “அப்பன் மனசு நோகக்கூடாதுன்னு ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டீங்க. போதும்மா. நான் நல்ல பிள்ளைங்களைத்தான் பெத்திருக்கேன்.”

சின்னவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்பா எழுந்து வந்து அவள் தலையில் கை வைத்தார். அந்தக் கை இருந்த இடம் சுட்டது.

“அழாதே. பழியை உன் தலையில தூக்கி வச்சுட்டு நான் வண்டி ஓட்டிட்டுத் திரிய முடியுமா? அது நியாயமா, சொல்லு. எழுந்திரு, ஆஸ்பத்திரிக்குக் கட்டு போகணும்ல. நானும் கூட வர்றேன். ஏத்தி இறக்க ஒரு கை வேணும்.”

ஆளுக்கொரு கட்டாகத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். அப்பா முன்னால் நடந்தார். வண்டிக்கு நாலு எட்டு இருக்கும்போதே அவருடைய சட்டைப் பையிலிருந்த போனை அது கண்டுகொண்டது. விளக்குகள் சிமிட்டின. பக்கக் கண்ணாடிகள் விரிந்தன. ஓட்டுகிற பக்கத்துக் கதவில் க்ளுக் என்று சத்தம் கேட்டது.

“பார்த்தீங்களாப்பா, திறந்துடுச்சு. உங்களுக்குத்தான். ஏறுங்க, நீங்க ஓட்டுங்க.”

அப்பா நின்றுவிட்டார். பிறகு ஒரு எட்டுப் பின்னால் வந்தார். கட்டைத் தோள் மாற்றிக்கொண்டு, பையிலிருந்து போனை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“இதை நீயே வச்சுக்கோம்மா. என் பையில இருந்தா அது பாட்டுக்குத் திறந்துடுது. நான் என்னைக்காவது மறுபடி தெரியாம ஏறிடுவேன்.”

அவள் வாங்காமல் நின்றாள். அவர் அவளுடைய உள்ளங்கையைப் பிரித்து, போனை வைத்து, விரல்களை மூடிவிட்டார். கட்டுகளைப் பின்னால் அடுக்கினார். சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து, முழங்காலைச் சேர்த்து வைத்து உட்கார்ந்தார். சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினார். அவள் வந்து ஸ்டியரிங்கைப் பிடித்ததும் அவள் பக்கம் திரும்பினார்.

“சரியா மாட்டியிருக்கேனா? கொஞ்சம் பாரேன்.”

“சரியாத்தான் இருக்குப்பா.”

“நல்லா இழுத்துப் பாரும்மா,” என்றார்.

அவள் இழுத்துப் பார்த்தாள்.